போர்ச்சிலிருந்து பாலிக் பூலாவ் மலை வரை: வீட்டில் கட்டிய ஹாட் ராடை முடித்து, சாலையில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

பினாங்கின் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு போர்ச்சில் (கார் நிறுத்தும் முகப்பில்), வேறு பெரிய எஞ்சின் ஏற்றி ஹாட் ராடாக மாற்றிக்கொண்டிருக்கும் பழைய கார் ஒன்று கென்வாஸ் போர்த்தி நிற்கும். எஞ்சின் ஏறிவிட்டது, சாயம் அடித்தாகிவிட்டது, இருக்கைகூடத் தைத்தாகிவிட்டது. "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்று வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லியே மூன்று தீபாவளி போயிருக்கும்.

என் வண்டியும் அப்படித்தான் இரண்டு வருடம் நின்றது. தோட்டத்தில் கிராணியாக இருந்த என் பெரியப்பா ஓட்டிய மோரிஸ் மைனர் 1000 அது. அதில் இருந்த 1098 சிசி எஞ்சின் 48 குதிரைத்திறன் தந்தது. இப்போது அந்த இடத்தில் ஹாஃப்-கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரிலிருந்து) எடுத்த டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. 1587 சிசி, 16 வால்வு, பழைய எஞ்சினைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான சக்தி. வெட்டி ஒட்டும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் அது நடந்தது. முடிக்கும் வேலையை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் அது நின்றுபோனது. முதல் முறை ஒரு வண்டியைக் கட்டி, இந்தக் கட்டத்தில் திணறிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வண்டி டட்சன் 1200 ஆக இருந்தாலும் ஃபோர்ட் எஸ்கார்ட்டாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் வண்டி நிற்க வேண்டும், பிறகு திரும்ப வேண்டும், பிறகு சூடாகாமல் இருக்க வேண்டும், அதன் பிறகுதான் ஓட வேண்டும்.

வரிசையைத் தொடங்குவதற்கு முன், ஹாட் ராட் பிறந்த கலிபோர்னியாவிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஃபோர்ட் நிறுவனம் 1932இல் மலிவான வி8 எஞ்சினைக் கொண்டுவந்ததும், இளைஞர்கள் அந்தக் கார்களின் எடையைக் குறைத்து, வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டினார்கள். 1937இல் அவர்களே கூடித் தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற சங்கத்தை அமைத்தார்கள். அங்கே இன்றும் வேறொருவர் வண்டியைச் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் தடத்தில் இறக்க முடியும். கட்டியவன் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது. உங்கள் வண்டியையும் அனுபவமுள்ள ஒரு பொமனையோ (பட்டறை மெக்கானிக்கையோ) நண்பரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் நில்லுங்கள், அவர் தாமாகப் பார்க்கட்டும். என் வண்டியை அப்படிப் பார்த்த அண்ணன், ஸ்டியரிங் தண்டின் கீழ் மூட்டில் ஒரு நட்டு கையால் மட்டுமே முறுக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அந்த இடத்தை நான் நூறு முறை பார்த்திருப்பேன்.

காகித வேலையை முன்னதாகவே தொடங்குங்கள்

எஞ்சினை மாற்றுவது நம் விருப்பத்துக்குச் செய்துகொள்ளும் வேலை இல்லை. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும், புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிறுவனத்தின் பரிசோதனை வேண்டும், கெரானில் (வாகன உரிமைப் பத்திரத்தில்) எஞ்சின் எண்ணும் சிசியும் மாற வேண்டும். ஹாஃப்-கட் வாங்கிய ரசீதையும் அதோடு வந்த சுங்கத்துறைக் காகிதங்களையும் முதல் நாளே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ரசீது இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். சாலை வரி உயருமே என்று பயந்து மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1001 முதல் 1200 சிசி வரை 55 வெள்ளி (ரிங்கிட்), 1401 முதல் 1600 வரை 90 வெள்ளி. இந்த 35 வெள்ளிக்காகப் பொய்யான கெரானோடு ஓட்டினால், விபத்து நடக்கும் நாளில் காப்புறுதி கைவிட்டுவிடும். புதிய எஞ்சினைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

மட்கார்டைக் கழற்றிச் சக்கரத்தைத் திறந்து வைக்கும் அமெரிக்கப் பாணிக்கு இங்கே ஆசைப்பட வேண்டாம். பரிசோதனையிலும் நிற்காது, நம் ஊர் மழையிலும் நிற்காது.

மாஸ்கிங் டேப்பும் 555 நோட்டும்

முடிக்கும் வேலையின் முதல் நாள் ஸ்பானரைத் தொடாதீர்கள். ஒரு சுருள் நீல மாஸ்கிங் டேப் வாங்கி வண்டியைச் சுற்றி வாருங்கள். முறுக்காத போல்ட், கட்டாத வயர், மூடாத ஓட்டை என்று கண்ணில் படும் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை ஒட்டுங்கள். வண்டி அம்மை போட்ட மாதிரி ஆகும். ஆகட்டும். ஒரு வேலை முழுதாக முடிந்தால் மட்டுமே ஒரு துண்டு கழற வேண்டும். டார்க் ரெஞ்சால் (முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பானரால்) முறுக்கிய ஒவ்வொரு நட்டிலும், நட்டையும் அது உட்காரும் இடத்தையும் சேர்த்து, பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். பிறகு எப்போது பார்த்தாலும் கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தச் சின்ன 555 நோட்டில் ஒன்றை டேஷ்போர்டில் வையுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன செய்தோம், என்ன கேட்டது, என்ன நாறியது, எல்லாம் அதில் ஏறட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நாளில் டைமிங்கையும் தொட்டு, எரிபொருள் அழுத்தத்தையும் தொட்டால், எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரேக்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மோரிஸ் மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. பழையது ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். எஞ்சினைப் பெரிதாக்குகிறவர் அதை இரட்டைச் சுற்றாக மாற்றியே ஆக வேண்டும். முன்னால் டிஸ்க் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல் வரும். தரைக்குக் கீழே இருக்கும் சிலிண்டர், டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பருக்குச் சமமான உயரத்திலோ அதற்கும் கீழேயோ இருப்பதால், திரவம் பின்னோக்கி வடியும். பெடலை முதல் முறை மிதித்தால் தரை வரை போகும், இரண்டாவது முறை கெட்டியாக நிற்கும். குழாயில் காற்று இருக்கிறது என்று நினைத்து, அதை வெளியேற்ற நான் மூன்று சனிக்கிழமை பிளீட் செய்தேன். குறை காற்றில் இல்லை. குழாயில் சிறிது அழுத்தத்தைப் பிடித்து வைத்து, திரவம் வடியாமல் தடுக்கும் எச்ச அழுத்த வால்வு அங்கே இல்லை, அவ்வளவுதான்; அமெரிக்க ஹாட் ராட்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்துவது அது. டிஸ்க் பக்கத்துக்கு 2 பிஎஸ்ஐ, டிரம் பக்கத்துக்கு 10 பிஎஸ்ஐ. சின்னப் பித்தளைத் துண்டு, போட்ட அன்றே பெடல் மேலே நின்றது.

திரவம் டாட் 4 போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் குடித்துவிட்டால் 155 வரை இறங்கலாம். நம் ஊர்க் காற்றில் அது சீக்கிரமே ஈரம் குடிக்கும், ஆகவே பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் போத்தலை எடுக்காதீர்கள். சாயத்தில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் உரிந்துவிடும்.

பிளீட் செய்ய இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குங்கள்: வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். மிதிக்கிறவர் "மிதிச்சிட்டேன்" என்று சொன்ன பிறகு நிப்பிளைத் திறந்து, அவர் காலை எடுப்பதற்கு முன் மூட வேண்டும். தொட்டியில் திரவம் குறையாமல் பார்த்துக்கொள்ள மூன்றாவதாக ஒரு தம்பியை நிறுத்தினால் நல்லது.

முடிந்ததும் முழு பலத்தோடு இரண்டு நிமிடம் மிதித்தபடி உட்காருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது, அல்லது சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. பிறகு நான்கு சக்கரத்துக்கும் கீழே அட்டை விரித்து, ஓர் இரவு விட்டுக் காலையில் பாருங்கள். வண்டியை ஜேக் ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும் நிலையிலும், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிய நிலையிலும், ரப்பர் ஹோஸ் டயரைத் தொடுகிறதா, முறுக்கிக்கொண்டு இழுபடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கை பிரேக்கையும் இப்போதே சரியாக்குங்கள். முதல் ஓட்டத்தில் கால் பிரேக் போனால் அதுதான் கைகொடுக்கும்.

ஸ்டியரிங், சக்கரம், டயர்

ஸ்டியரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கனத்தில் திரும்ப வேண்டும். நடுவில் எங்காவது இறுகினால் மூட்டுகளின் கோணம் தப்பு. புதிய எக்சாஸ்ட் ஸ்டியரிங் மூட்டுக்கு அருகில் போகிறதா என்றும் பாருங்கள். சூடு ரப்பரைத் தின்றுவிடும், நடுவில் ஒரு வெப்பத் தகடு வையுங்கள். முன் சக்கரங்கள் எவ்வளவு உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன (டோ-இன்) என்பதை நூல் கட்டி அளந்தாலே பட்டறைக்குப் போகும் வரை தாங்கும். இரு பக்கமும் காருக்கு இணையாக நூலை இழுத்துக் கட்டி, முன் சக்கரத்தின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நூல் வரை அளந்தால் வித்தியாசம் தெரியும். 2, 3 மி.மீ. உள்நோக்கி இருந்தால் போதும், வெளிநோக்கி மட்டும் இருக்கக்கூடாது.

கலப்பு வண்டிகளில் பலர் கவனிக்காத ஒன்று சக்கர நட்டு. என் வண்டியின் பின் ஆக்சில் பழைய கொரோல்லாவுடையது, முன்பக்கம் மோரிஸ். பின்னால் ஆணிகளின் வட்டம் 114.3 மி.மீ., முன்னால் 101.6 மி.மீ. ஒரே உதிரிச் சக்கரம் இரண்டுக்கும் சேராது. கொரோல்லாவின் 12 மி.மீ. ஆணி 100 நியூட்டன் மீட்டரைத் தாங்கும். அதே பலத்தை மோரிஸின் மெல்லிய ஆணியில் காட்டினால் அது இழுபட்டு நீண்டு, பிறகு தளரும். இரண்டு அளவையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

டயரின் வரிப்பள்ளத்தை மட்டும் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கட்டுமானத்தின் தொடக்கத்தில் வாங்கிய புது டயர், ஓடாமலேயே கிழடாகியிருக்கும்.

எரிபொருள், மின்சாரம்

எஞ்சினுக்கு உயிர் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஊசிமுறை (இன்ஜெக்‌ஷன்) எஞ்சினில் எரிபொருள் அழுத்தம் 2.5 முதல் 3 பார் வரை போகும்; பழைய கார்புரேட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. கார்புரேட்டருக்கான ஹோஸை இங்கே போட்டால் சில நாள் தாங்கும், ஒரு நாள் வெடிக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். என் வண்டியில் "எல்லாத்துக்கும் தாங்கும்" என்று ஒரு கடையில் கொடுத்த ஹோஸ் ஐந்து நிமிடத்தில் வியர்த்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, பேப்பரில் தெரிந்தது. அதைச் சோதிக்காமல் எஞ்சினைப் போட்டிருந்தால் சூடான எக்சாஸ்டின் மேல்தான் அது சொட்டியிருக்கும். பழைய டேங்க் என்றால் உள்ளே துரு இருக்கும், பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் கட்டாயம்.

மின்சாரத்தில் பழைய ஆங்கிலேயக் காரின் பொறி ஒன்று உண்டு. மோரிஸ் மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் கட்டப்பட்டிருக்கும். ஜப்பான் எஞ்சினுக்கு நெகட்டிவ் பாடியில் இருக்க வேண்டும். பழக்கத்தில் மாற்றிக் கட்டினால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு ஒரு நொடியில் போய்விடும். பழைய வயரில் மிச்சம் வைத்திருக்கும் அம்மீட்டர், ரேடியோ எல்லாவற்றையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். எஞ்சினிலிருந்து பாடிக்குத் தடிமனான எர்த் வயர் ஒன்று, சாயத்தைச் சுரண்டிய வெற்று இரும்பில் முறுக்கப்பட வேண்டும். புரியாத மின்கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வயரில் போய் முடியும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே முதன்மை ஃபியூஸ், கைக்கு எட்டும் இடத்தில் கட் ஆஃப் சுவிட்ச், இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு வயருக்கும் ரப்பர் வளையம். இவற்றில் பேரம் வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் இன்ஜெக்டர் இணைப்புகளையும் பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் பத்துப் பத்து நொடி சுற்றுங்கள். இடையில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். எண்ணெய் அழுத்த முள் அசைந்தால்தான் அடுத்த வேலை. மாதக்கணக்கில் நின்ற எஞ்சினின் பேரிங்குகளில் எண்ணெய்ப் படலம் இருக்காது. அப்படியே முடுக்கினால் அங்கேயே தேய்மானம் தொடங்கிவிடும்.

குளிர்நீரை ஊற்றும்போது வண்டியின் மூக்கை ஜேக்கால் உயர்த்தி வையுங்கள், உள்ளே சிக்கிய காற்று ரேடியேட்டர் வாய்க்கு ஏறிவரும். பைப் தண்ணீர் மட்டும் ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு, இங்கே உறைபனி இல்லையே என்று. கூலன்ட் துருவையும் தடுக்கிறது என்பதை மறக்கிறோம்; அலுமினியத் தலை உள்ள எஞ்சினுக்கு அது அவசியம். மின்விசிறி சரியான திசையில் காற்றை இழுக்கிறதா என்று ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு நாளிதழ்த் தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மூவர் இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒருவர் சாவியில், கண் எண்ணெய் முள்ளில். ஒருவர் தூள் வகைத் தீயணைப்பானோடு பக்கவாட்டில். ஒருவர் தள்ளி நின்று அடியில் கசிவைப் பார்க்க. பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். எஞ்சின் பிடித்ததும் பத்து நொடிக்குள் எண்ணெய் அழுத்தம் வரவில்லையென்றால் அணைத்துவிடுங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அணையுங்கள். புது எக்சாஸ்டில் ஒட்டிய எண்ணெயும் சாயமும் சிறிது நேரம் புகையும், அது போகும். 4ஏ-ஜிஇ என்றால் சோதனைப் பெட்டியில் டி, இ1 இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, டைமிங் லைட்டில் 10 டிகிரி வருகிறதா என்று பாருங்கள்.

புது கேம்ஷாஃப்டும் தட்டை டேப்பெட்டும் போட்ட பழைய தள்ளுதண்டு எஞ்சினோ அமெரிக்க வி8ஓ வைத்திருப்பவர்கள் இங்கே வேறு வழியில் போக வேண்டும். ஐட்லில் விடாமல், 2000 முதல் 2500 சுற்றில் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். அந்த 20 நிமிடத்தில்தான் கேம் பிழைக்கும் அல்லது போகும். ஆகவே கசிவு, டைமிங், தண்ணீர் எல்லாம் அதற்கு முன்பே சரியாக இருக்க வேண்டும்.

மூடிய இடத்தில் முதல் அசைவு

அனுமதி கைக்கு வரும் வரை பொதுச் சாலை கிடையாது, தாமான் சாலையும் பொதுச் சாலைதான். நான் இழுவை லோரியில் ஏற்றி, பிறையில் உறவுக்காரர் ஒருவரின் லோரி யார்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். கேட்டுப் பார்த்தால் உங்களுக்கும் ஒரு யார்டு கிடைக்கும்.

முதலில் நடை வேகத்தில் போய் நிற்க வேண்டும், பத்து முறை. பிறகு ரிவர்ஸ். பிறகு எட்டு வடிவத்தில் இரு பக்கமும் முழு ஸ்டியரிங், ஜன்னலைத் திறந்து காதைக் கொடுத்து. பின்னிருக்கையில் 10 கிலோ அரிசி மூட்டை ஆறேழு போட்டு மறுபடி ஓட்டுங்கள். ஆள் ஏறினால் டயர் எங்கே உரசும் என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்து, தரையை நனைத்துவிட்டு 30 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பிரேக் போடுங்கள், வெளியே நிற்கிறவர் எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்கட்டும். முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பின் சக்கரம் முந்தினால் வளைவில் வண்டி சுழன்றுவிடும். அந்தச் சமநிலை வராமல் யார்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

என் அம்மா எலுமிச்சம்பழமும் தேங்காயும் கொண்டுவந்தது இந்த நாளில்தான். நான்கு சக்கரத்துக்கும் கீழே பழம் வைத்து, நசுக்கி முன்னால் போய் நிற்க வேண்டும். பூசையைப் பிரேக் சோதனை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எதிரே பெரியவர்கள் கைகூப்பி நிற்பார்கள்.

பிறகு புஸ்பாகோம். அங்கே பிரேக், சக்கரப் பக்கவிலகல், புகை, விளக்கு, அடிப்பகுதி எல்லாம் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்றில் நின்றுபோனால் கோபப்படாமல் அந்தத் தாளை நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் பிரேக் பலம் எவ்வளவு வேறுபடுகிறது என்ற எண் வீட்டில் யாராலும் எடுக்க முடியாதது.

சாலை: 1, 5, 20, 80, 200

கெரான், சாலை வரி, காப்புறுதி மூன்றும் வந்த பிறகு, தூரத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் நாள் 1 கி.மீ. மட்டும். வீட்டுக்கு வந்து, பானெட்டைத் திறந்து, எல்லாக் கோடுகளையும் பார்த்து, சக்கர நட்டுகளை மறுபடி டார்க் செய்து, ஆறிய பிறகு எண்ணெயும் தண்ணீரும் பார்த்து, நோட்டில் எழுதி, அதோடு நிறுத்துங்கள். "நல்லாத்தானே ஓடுது, இன்னும் ஒரு சுற்று போகலாமே" என்று கூட வந்தவர் சொல்வார். வேண்டாம். அடுத்த நாள் 5. பிறகு 20. ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே சோதனை. 50 கி.மீ.க்குள் ஏதாவது ஒரு நட்டு தளராத புது வண்டியை நான் பார்த்ததில்லை.

20 கி.மீ. ஓட்டத்துக்கு ஞாயிறு அதிகாலையில் பத்து காவான் நல்லது. அகன்ற புதுச் சாலைகள், லோரி குறைவு. புது பிரேக் பேடுகளை அங்கே பழக்குங்கள்: 50இலிருந்து 15 வரை பத்து முறை, நடுவில் அரை நிமிடம் காற்றில் ஆறவிட்டு, சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்தாமல். ஃபோனின் ஜிபிஎஸ் வேகத்தைக் கூட வருபவர் வாசிக்க, மீட்டர் முள்ளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆக்சில் மாறிய வண்டியில் மீட்டர் உண்மை சொல்லாது.

இந்த ஓட்டங்களில் வண்டி உங்களோடு பேசத் தொடங்கும். ஸ்டியரிங் சக்கரம் 80, 90இல் நடுங்கினால் முன் சக்கர பேலன்ஸ். நடுக்கம் இருக்கையிலும் தரையிலும் வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டையோ பின் சக்கரத்தையோ சந்தேகியுங்கள். அந்த வேகத்திலேயே நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். நடுக்கம் தொடர்ந்தால் எஞ்சின் குற்றவாளி இல்லை. எனக்கு 70இல் தரை அதிர்ந்தது. கியர்பாக்ஸின் சாய்வும் பின் ஆக்சிலின் சாய்வும் இணையாக இல்லை. லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைத் திருத்தியதும் போனது. ஃபோனிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியே அதற்குப் போதுமாக இருந்தது.

நேராகப் போகும்போதே ஒரு பக்கம் இழுத்தால், முன் இரண்டு டயரையும் இடம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர், மாறாவிட்டால் அலைன்மென்ட். பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் ஒரு பக்கக் கேலிப்பரையோ ஹோஸையோ பாருங்கள்.

சூட்டுச் சோதனைக்கு நல்ல சாலை உதவாது, நெரிசல்தான் வேண்டும். மாலை ஐந்தரைக்கு ஜூரு பக்கம் நகராத வரிசையில் போய் நில்லுங்கள். நிற்கும்போது முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் விசிறியிலோ அதன் கூண்டிலோ குறை. நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் போதவில்லை, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பெரிய விசிறிக்குப் பணம் செலவழித்தவர்கள் உண்டு. முள் சிவப்பை நெருங்கினால் ஓரம்கட்டுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.

பாலமும் மலையும்

80 கி.மீ. ஓட்டத்தை நான் பினாங்கு இரண்டாவது பாலத்தில் வைத்தேன், அதற்கு முந்தின ஒரு ஓட்டத்திலும் எதுவும் சொட்டாத பிறகு. பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கும் அது 24 கி.மீ.; அதில் 16.9 கடலுக்கு மேல். நடுவில் திரும்ப வழியில்லை, பக்கக் காற்று இழுக்கும், நின்றால் லோரிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடும்போதுதான் எண்ணெய்ச் சூடும் சக்கரச் சத்தமும் முழுதாக வெளிப்படும். அதற்கு அந்தப் பாலம் பொருத்தம். வேக வரம்பான 80ஐத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை.

தீவில் இறங்கியதும் தெலுக் கும்பார் வழியாக புக்கிட் கெந்திங் ஏறி பாலிக் பூலாவ் போனால், அதுதான் கடைசித் தேர்வு. ஏற்றத்தில் எரிபொருள் தடைபடுகிறதா என்று பாருங்கள், இறக்கத்தில் பிரேக்கைப் பாருங்கள். கீழ் கியரில் இறங்குங்கள், அடிக்கடி அழுத்தி விடுங்கள், காலை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். பெடல் பஞ்சுபோல் ஆனால் திரவம் கொதிக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேடோ ஷூவோ வெந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. நாங்கள் கீழே இறங்கி ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்தபடி நான்கு சக்கரத்தின் சூட்டையும் வெப்பமானியால் அளந்தோம். வலது பின் சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகம் சூடாக இருந்தது. கை பிரேக் கேபிள் ஒரு நூல் இறுகலாக இருந்தது. கடை வாசலிலேயே அதைத் திருத்திக்கொண்டு, துன் சார்டோன் மலைச்சாலை வழியாகத் திரும்பினோம், நான்கும் சமமாக இருந்தன.

500 கி.மீ. ஆனதும் எண்ணெயை மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளைக் காந்தத்தால் துழாவுங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பு. பளபளக்கும் செதில் வந்தால் எஞ்சினைத் திறக்காமல் மேலே ஓட்டாதீர்கள். டிஃபரன்ஷியல் எண்ணெயையும் அப்போதே மாற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட், ஸ்டியரிங் ரேக் போல்ட், எஞ்சின் மௌன்டிங், மூன்றையும் மறுபடி டார்க் செய்யுங்கள்.

பின்னிருக்கையில் யாரையும் ஏற்றுவதற்கு முன் இரண்டு வேலை பாக்கி. ஒன்று, இருக்கை பெல்ட். பழைய மோரிஸின் பின்னால் அது கிடையாது. தகட்டில் வெறும் துளை போட்டு மாட்டாமல், கீழே வலுத்தகடு வைத்து வெல்ட் செய்த இடத்தில் பொருத்துங்கள். மற்றொன்று, இரண்டு 200 கி.மீ. ஓட்டம் போய்வந்தும் நோட்டில் புதிதாக எழுத எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் நோட்டில் அந்த இரண்டாவது வெற்றுப் பக்கம் வந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மாவைச் சுங்கை பட்டாணிக்குத் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனோம். ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டை மாட்டச் சொன்னேன், மாட்டிக்கொண்டு, "உங்க பெரியப்பா ஓட்டும்போது இவ்வளவு சத்தம் இல்லையே" என்றார். எக்சாஸ்ட் ரப்பர் ஒன்று கழன்றிருந்தது. நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிவிட்டு, மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.